வேப்பேரிக்கு வந்த யோசேப்பு

பாட்டு சார் காலமான செய்தி நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் ஆளாளுக்கு அவருடைய பிரம்பைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பிரம்படி படாதவன் நான். அவரோடு எனக்கு இருந்தது வேறு கணக்கு.

1977 கிறிஸ்துமஸ் நாடகம் நினைவிருக்கும். மாட்டுத்தொழுவம், மூன்று ஞானிகள், டர்க்கி டவல் தலைப்பாகை எதுவும் இந்த ஆண்டு கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆதியாகமத்து யோசேப்பின் கதை, முழுக்கப் பாட்டாகவே. "தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் குறத்தியையே பெத்லகேமுக்கு அழைத்துப் போய்க் குறவஞ்சி பாட வைத்தார். நாம் யோசேப்பை வேப்பேரிக்கு அழைத்து வரக்கூடாதா?" என்பார். அண்ணன்மார் தம்பியை இருபது வெள்ளிக்காசுக்கு விற்கும் இடம் காவடிச்சிந்து மெட்டு. பெரியமேட்டுத் தோல் மண்டியில் பேரம் நடப்பதுபோலவே இருக்கும். ஆட்டு ரத்தம் தோய்ந்த அங்கியை யாக்கோபு கையில் வாங்கும் இடம் முகாரி. பலவருண அங்கியோ, புரசைவாக்கத்துத் தையற்கடைகளில் பொறுக்கிய வெட்டுத்துணி. முதுகுப்பக்கம் நம் காக்கி அரைக்கால்சட்டைத் துணியும் ஒரு துண்டு இருந்தது.

யோசேப்பு நான்தான். ஆகஸ்டில் தேர்வானேன், நவம்பரில் மகரக்கட்டு வந்து சேர்ந்தது. ஒத்திகையில் மேல் ஷட்ஜத்தைத் தொடப்போன குரல் இரண்டாகப் பிளந்தது. அண்ணன்மார் பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. ஆர்மோனியத் துருத்தியை மூடினார், அங்கியைக் கழற்றச் சொன்னார், அங்கேயே, எல்லார் முன்னாலும், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மாட்டிவிட்டார். எனக்குத் துபாசி வேடம். எகிப்தில் அதிகாரியாகிவிட்ட யோசேப்பு, தானியம் வாங்க வந்த அண்ணன்மாரிடம் அவர்கள் பாஷை தெரியாதவன்போல நடுவில் ஆள் வைத்துப் பேசுகிறானே, அந்த ஆள். நாடகத்திலேயே பாட்டில்லாத ஒரே பாத்திரம்.

"சார், ஒரு வரியாவது..."

"பாடுகிற துபாசியை யாரப்பா நம்புவார்கள்?"

போன ஆண்டு இங்கே லண்டனில் பேரன் பள்ளியில் அதே கதையை ஆங்கில இசை நாடகமாகப் போட்டார்கள். அதுவும் பள்ளியில் பிறந்ததுதான். ஓர் இசை ஆசிரியர் கேட்டதற்காக எழுதி, 1968 மார்ச் 1 அன்று கோலெட் கோர்ட் பள்ளிப் பையன்கள் பாடியபோது அதன் நீளம் சுமார் 15 நிமிடம். இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பருக்கு அப்போது வயது 19, பாட்டெழுதிய டிம் ரைஸுக்கு 23. துள்ளலான மெட்டுகள்; குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகன் செத்தான் என்று யாக்கோபு கேட்கும் இடத்தை அமெரிக்க மாட்டுக்காரர் மெட்டில் கேலியாக அமைத்திருக்கிறார்கள். அரங்கம் சிரித்தது. என் காதில் முகாரி. நடுநடுவே என் மனைவிக்குத் தமிழிலும் பேரனுக்கு ஆங்கிலத்திலுமாக விளக்கிக்கொண்டிருந்தேன். சார் கொடுத்த வேடத்தை இன்னும் கலைக்க முடியவில்லை.

அந்த 15 நிமிடம் இசைத்தட்டாகி, வளர்ந்து, உலகம் சுற்றிவிட்டது. சாருடைய இரண்டேகால் மணி நேரம் ஒரு கோடு போட்ட நோட்டோடு சரி. ஊரில் தங்கியவர்கள் பொங்கல் விடுமுறைகளில் அவர் வீட்டில் கூடி அதைப் பாடியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கும் கடிதம் போட்டார். விசா, வேலை, வீட்டுக் கடன் என்று நான் பதில் எழுதினேன்.

நோட்டு இப்போது யாரிடமும் இல்லையாம். யாக்கோபு புலம்பலில் பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம் என்னிடம் இருக்கின்றன. யாக்கோபாக நடித்தவர் டொராண்டோவில் இருப்பதாகக் கேள்வி. மூன்றாம் சரணம் நினைவிருந்தால் இந்தப் பள்ளி மலரின் குழுவுக்கு எழுதட்டும். பாடியே அனுப்பினால் இன்னும் நல்லது.