தூக்குக்குண்டு விழுந்த இடம்

செப்டம்பர் 6, 2025, சனி

மார்ச் கடைசியில் அடித்த ஐஸ் புயலை எங்கள் பக்கத்தில், அதாவது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பீட்டர்பரோவுக்கு வடக்கே, இன்னும் யாரும் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆறு நாள் கரண்ட் இல்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடுவது புரொப்பேன் வாயுவில்தான், டேங்க் முக்கால்வாசி நிரம்பித்தான் இருந்தது, ஆனால் சூட்டை அறைகளுக்கு ஊதி அனுப்பும் விசிறிக்குக் கரண்ட் வேண்டுமே. ஐந்தாம் நாள் காலையில் ஹாலில் 7 டிகிரி. மகள் கையுறை போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டாள் (கேம்ப் ஸ்டவ்வில் அவித்தது).

அன்றைக்கே சொல்லிவிட்டேன், அடுத்த குளிருக்குள் பேஸ்மென்ட்டில் ஒரு விறகு அடுப்பு வைத்தே தீருவது என்று. சொல்லி ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போதுதான் நோட்டைத் திறந்திருக்கிறேன்.

விறகுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆஷ் மரங்களில் பாதியை ஆஷ் மரத்தையே துளைத்துத் தின்னும் ஒரு பச்சை வண்டு கொன்றுவிட்டது, பட்டுப்போய் நிற்கின்றன.

செப்டம்பர் 9, செவ்வாய்

முதல் ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். பத்தே நிமிடம். பேஸ்மென்ட் ஜன்னல் ஒன்றை எடுத்துவிட்டு அந்த ஓட்டை வழியாகக் குழாயை வெளியே விட்டு, வெளிச்சுவரோடு மேலே ஏற்றிவிடலாம், இரண்டு நாள் வேலை, தளத்தையும் கூரையையும் தொடவே வேண்டாம் என்றார். விலையும் குறைவு. நான் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேசும்போது இதைச் சொன்னேன். அடுப்பு என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ஏங்கண்ணு, நம்மூட்டுல புகையில்லா அடுப்புன்னு ஒண்ணு போட்டாங்களே, சிமெண்டுக் குழாய் வெளிச்செவுத்தோட போகும், மழைக்காலத்துல விடிகாலை பத்த வச்சா பூராப் புகையும் ஊட்டுக்குள்ளதான் வருமே, மறந்துட்டயா?" என்றார்.

மறந்துதான் போயிருந்தேன். ராத்திரி உட்கார்ந்து படித்துப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் இங்கேயும் விஷயம். புகையை மேலே இழுப்பது அடுப்பு இல்லை, சிம்னிக்குள் இருக்கும் சூடான காற்று. சிம்னி வீட்டுக்கு வெளியே குளிரில் நின்றால் உள்ளே இருக்கும் காற்றும் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும். வீடோ, குளிர்காலத்தில் அதுவே ஒரு சிம்னி: சூடான காற்று மேல்கூரைச் சந்துகளில் கசிந்து போகும், அந்த இடத்தை நிரப்ப பேஸ்மென்ட் கீழிருந்து காற்றை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால், அடுப்பு மூட்டாத நேரத்திலும் சிம்னி வழியாகக் குளிர்காற்று வீட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் தீக்குச்சி கிழித்தால் புகை எந்தப் பக்கம் போகும்?

ஆக, சிம்னி வீட்டுக்கு நடுவே, சூட்டுக்குள்ளேயே ஏறிக் கூரையைத் துளைத்துப் போக வேண்டும். செலவு அதிகம். முதல் ஆளுக்கு நன்றி சொல்லி அனுப்பியாகிவிட்டது.

செப்டம்பர் 22, திங்கள்

இன்சூரன்ஸ்காரர்களிடம் முன்கூட்டியே பேசியது நல்லதாகப் போயிற்று. அடுப்பு வைத்தபின் 'வெட்' (WETT, விறகு அடுப்பைச் சோதிப்பதற்கான பயிற்சி) சான்றிதழ் உள்ளவர் ஒருவர் வந்து பார்த்துக் கொடுக்கும் அறிக்கை வேண்டுமாம். நகராட்சி பர்மிட் தனி. வேலை சி.எஸ்.ஏ. பி365 என்ற, விறகு அடுப்பு பொருத்துவதற்கான கனடா விதிப்படி இருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது, பார்த்தால் முக்கால்வாசி டேப் பிடித்து அளக்கிற சமாச்சாரம். அடுப்புக்கும் மரச்சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்பது அடுப்பின் முதுகில் ஒட்டிய தகட்டிலேயே இருக்கும். அந்தத் தகடு இல்லாத பழைய அடுப்பு என்றால் 48 அங்குலம் விட வேண்டும், எங்கள் பேஸ்மென்ட்டில் பிங்பாங் மேசையையே விற்க வேண்டியதுதான். நண்பர் ஒருவர் தன் ஷெட்டில் கிடக்கும் பழையதை இலவசமாகத் தருகிறேன் என்றிருந்தார். வேண்டாம் சாமி.

அக்டோபர் 4, சனி

இன்று அட்டிக்கில், அதாவது கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே உள்ள சந்தில், தவழ்ந்தேன். கூரையைத் தாங்கும் டிரஸ்கள் 24 அங்குலத்துக்கு ஒன்று, அவற்றில் எதையும் வெட்டக்கூடாது. வாங்கப்போகும் சிம்னி உள்ளே 6 அங்குலம், வெளியே 8 அங்குலம், சுற்றிலும் மரத்திலிருந்து 2 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும், அதாவது 12 அங்குலச் சதுரம். இரண்டு டிரஸ்களுக்கு நடுவே போகும். அட்டிக்கில் குளிருக்காகத் தூவியிருக்கும் பஞ்சு குழாயைத் தொடாமலிருக்க ஒரு தகரக் கூடு வேண்டும். சிம்னி கூரைக்கு மேலே குறைந்தது 3 அடி, 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயரம்.

இந்த வீடு ஒற்றைத் தளம், 1974இல் கட்டியது. அதனால் மேலே இடம் பார்த்துவிட்டுத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். அடுப்பு எங்கே நிற்கும் என்பதை நான் முடிவு செய்யவில்லை, அந்த நூல்தான் முடிவு செய்தது. ஹாலில் ஒரு இடம் சோபாவுக்கு நட்டநடுவே. அடுத்தது பாத்ரூம் கதவுக்கு நேரே. மூன்றாவது இடைவெளியில் குண்டு நேராக இறங்கி, மனைவியின் மளிகை அலமாரிக்குள், துவரம்பருப்பு டப்பா மூடிமேல் டங்கென்று உட்கார்ந்தது. கீழே சரியாக பேஸ்மென்ட்டின் நடுப்பகுதி. அதைவிட நல்ல இடம் கிடையாது.

மனைவி டப்பாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

காலையில் வெளியே 2 டிகிரி, சோதனைக்கு ஏற்ற குளிர். பேஸ்மென்ட் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை மெல்ல உள்பக்கம் சாய்ந்தது. எதிர்பார்த்ததுதான். மகளைத் துணி உலர்த்தும் டிரையரைப் போடச் சொன்னேன், அதுவும் காற்றை வெளியே தள்ளும், இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அப்புறம் மேலே சமையலறையில் புகையை வெளியே இழுக்கும் ஹூட்டை மூன்றில் வைக்கச் சொன்னேன். புகை கோடு போட்டதுபோல் படுத்து என் முகத்துக்கே வந்தது, ஊதுபத்தி நுனி விசிறிவிட்டதுபோல் சிவந்தது.

அந்த ஹூட் நான் அடம்பிடித்து வாங்கியது. தாளிப்பு வாசனை சோபாவில் ஒட்டக்கூடாது என்று 600 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 600 கன அடி காற்றை வெளியே இழுப்பது. இது இழுக்கிற இழுப்பில் சிம்னி எந்த மூலைக்கு? கீழே கங்கு புகைந்துகொண்டிருக்கும்போது மேலே யாராவது ரசம் தாளித்தால் கார்பன் மோனாக்சைடு எல்லாம் வீட்டுக்குள்தான். அடுப்பைவிட முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான். ஹூட் ஓடினால் தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் ஒரு குழாய்க்குச் சொல்லியிருக்கிறேன், அதற்கு ஒரு தனி பில். கார்பன் மோனாக்சைடு அலாரம் மேலே ஒன்று இருக்கிறது, கீழேயும் ஒன்று மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

பர்மிட்டுக்கு வரைபடம் கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது ஒப்பந்தக்காரர் ஊதுபத்தி சோதனையைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் ஒரு குச்சி வாங்கிப் போனார். அவர் சொன்ன இன்னொன்று: பேஸ்மென்ட் சுவர் வெறும் கான்கிரீட்டாக இருந்தால் பாதிச் சூடு மண்ணுக்குத்தான் போகும், முதலில் சுவருக்கு இன்சுலேஷன் போடுங்கள் என்று. நியாயம்தான். அந்த வேலையை நானே செய்துகொள்வேன், நவம்பர் பூராவும் போகும்.

போன மாதம் வெட்டிப் பிளந்த ஆஷ் விறகை ஈரமானியால் குத்திப் பார்த்தேன்: 27 சதவீதம். இருபதுக்குள் வர வேண்டும். பட்டமரம் என்றால் காய்ந்திருக்கும் என்று நினைத்தது தப்புக்கணக்கு. இந்த வருஷத்துக்கு ஒரு கார்டு (இங்கே விறகை அளக்கும் அளவு) காய்ந்த மேப்பிள் விலைக்கு வாங்குகிறேன்.

நாளை தீபாவளி. முறுக்கு சுட ஹூட்டைப் போடலாமா என்று மனைவி கேட்டாள், அடுப்புதான் இன்னும் வரவில்லையே என்றேன். மளிகை அலமாரி பாதி காலி. அரிசி மூட்டை இப்போது என் மேசைக்குக் கீழே, கால் வைக்க வசதியாகத்தான் இருக்கிறது.