லைட் போட்டால் சூடாகும் எஞ்சின்

விமானத்துக்கு ரேடியேட்டரா என்றுதான் முதலில் கேட்டேன். அதற்கு முன் ஆறு வருடம் செஸ்னா 152, 172 என்று லைகமிங் எஞ்சின்களோடு குப்பை கொட்டியவன் நான். அவை முழுக்கக் காற்றில் குளிர்பவை. சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக ஃபின், காற்றை அதன் பக்கம் திருப்பிவிட பேஃபிள், அவ்வளவுதான். பெங்களூருக்கு வெளியே மைக்ரோலைட் விமானங்கள் வைத்திருந்த ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எஞ்சினை மூடியிருக்கும் கௌலிங்கைக் கழற்றினால் உள்ளே ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். "என்னண்ணே, மாருதி 800 மாதிரி இருக்கு?" என்றேன். ஹேங்கரில் எல்லோருக்கும் மூத்தவரான அண்ணன் சிரிக்கவில்லை. "மாருதியை ஓரம் கட்டலாம் தம்பி," என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார்.

அந்த எஞ்சின் ரோட்டாக்ஸ் 912. ஆஸ்திரிய சரக்கு, 1989-இல் சான்று பெற்றது. எங்களிடம் இருந்தது 80 குதிரைத்திறன் ரகம், வெறும் 1211 சிசி. லைகமிங்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் நிமிடத்துக்கு 5800 சுற்று வரை போகும். கியர்பாக்ஸ் அதைக் குறைத்து ப்ரொப்பெல்லருக்குக் கொடுக்கும். சிலிண்டர் உடம்பு காற்றில் குளிரும், சிலிண்டர் தலைகள் மட்டும் கூலன்ட்டில். பாதி தண்ணீர், பாதி கிளைக்கால் கலந்த கூலன்ட் என்றால் 120 டிகிரிதான் எல்லை. ஆயில் 50 டிகிரியைத் தொடாமல் மேலே ஏறக்கூடாது. வோல்ட் மீட்டர் ஓடும்போது 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். எண்ணை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைத்ததுதான் தப்பு.

ஒரு ஏப்ரல் மாதம். ஒரு விமானத்துக்குத் தொடர்ந்து ஒரே ஸ்னாக், அதாவது பைலட் எழுதும் கோளாறுக் குறிப்பு, வந்துகொண்டிருந்தது: ஏறும்போது கூலன்ட் 112, 114 என்று போகிறது, மேலே போய் நேராகப் பறக்க ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது. வெயில் காலம், ஏறும்போது எஞ்சினுக்கு முழுச் சுமை, காற்றோட்டமும் குறைவு. யாரைக் கேட்டாலும் சூடு என்றுதான் சொல்வார்கள். நாங்களும் சொன்னோம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி, தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடிதான் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிக்காமல் காக்கிறது என்று நானே ஒரு குட்டிப் பிரசங்கம் செய்து மூடியை மாற்ற வைத்தேன். அடுத்து கூலன்ட்டை வடித்துப் புதிதாக ஊற்றினோம். ரேடியேட்டர் ஃபின்களுக்கு நடுவே இருந்த பூச்சிகளையும் புல்லையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து, ஒரு டெஸ்ட் ஃப்ளைட். ஸ்னாக் மட்டும் அப்படியே இருந்தது. இப்படியே ஒன்பது நாள்.

இத்தனைக்கும் பைலட் எழுதியதிலேயே ஒரு துப்பு இருந்தது. இறங்க வரும்போதும் கொஞ்சம் ஏறுகிறது என்று எழுதியிருந்தார். எஞ்சின் பாதிச் சக்தியில் சும்மா வருகிற நேரத்தில் அது ஏன் சூடாக வேண்டும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எழுத்துப் பிழை மாதிரி அதைத் தாண்டிப் போய்விட்டோம்.

பத்தாம் நாள் சாயங்காலம் கிரவுண்ட் ரன், தரையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது. காக்பிட்டில் நான், வெளியே தீயணைப்பானோடு ஒரு பையன். கூலன்ட் 86-இல் அசையாமல் நிற்கிறது. அதே விமானத்துக்கு லேண்டிங் லைட் மங்கலாக எரிகிறது என்று இன்னொரு பழைய ஸ்னாக் இருந்தது. பல்பை மாற்றிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று லைட்டைப் போட்டேன். கூலன்ட் முள் 97-க்குத் தாவியது. ஏறவில்லை, தாவியது. பக்கத்தில் இருந்த ஆயில் முள்ளும் அதே நொடியில் ஒரு துள்ளு. லைட்டை அணைத்தேன், இரண்டும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. போட்டேன், அணைத்தேன், போட்டேன். வெளியே நின்ற பையன் நான் சிக்னல் கொடுக்கிறேன் என்று நினைத்துக் கையைத் தூக்கினான்.

லிட்டர் கணக்கில் இருக்கும் கூலன்ட் ஒரு நொடியில் 11 டிகிரி சூடாகாது. அடுப்பில் பால் வைத்தவர்களுக்கே தெரியும்.

நடந்தது இதுதான். சென்சார் என்பது சூடு ஏற ஏறத் தடை குறைகிற ஒரு சின்ன உருண்டை. அதற்கு ஒரே ஒரு வயர்தான். திரும்பி வரும் பாதை எஞ்சின் உடம்பு. முள்ளுக்கோ எர்த் டேஷ்போர்டில். இரண்டு எர்த்தும் ஒரே வோல்ட் மட்டத்தில் இருக்கும் வரை முள் சொல்வது சரி. எங்கள் விமானத்தில் டேஷ்போர்டு எர்த், லைட் எர்த், எலக்ட்ரிக் ஃப்யூயல் பம்ப் எர்த் எல்லாம் எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டில் ஒரே போல்ட்டுக்கு வந்தன. அந்தப் போல்ட்டின் அடியில் பெயிண்ட். வயர் முனையில் இருக்கும் லக்கைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை டேஷ்போர்டு எர்த்திலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்தேன்: 0.6 வோல்ட். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது. டேஷ்போர்டு எர்த்தின் வோல்ட் மேலே தூக்கப்பட்டால் சென்சாரின் தடை குறைந்தது போல முள்ளுக்குத் தெரியும். தடை குறைந்தால் சூடு. முள் பொய் சொல்லவில்லை பாவம், அதற்கு வந்த செய்தி அப்படி.

அப்புறம் எல்லாம் பொருந்தியது. டேக்-ஆஃபில் பம்ப் ஆன், லைட் ஆன். மேலே போனதும் இரண்டும் ஆஃப். இறங்கும்போது மறுபடி ஆன். எஞ்சின் சூடாகிற நேரமும் ஸ்விட்ச் போடுகிற நேரமும் அச்சு அசலாக ஒன்றாக விழுந்திருக்கின்றன. பெயிண்டைச் சுரண்டி, புது லக் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, எஞ்சினுக்குத் தனியாக இன்னொரு எர்த் ஸ்ட்ராப்பும் கொடுத்தோம். மொத்தம் ஒரு மணி நேர வேலை. லேண்டிங் லைட்டும் பளிச்சென்று எரிந்தது. பழைய பல்பைக் குப்பையிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் எரிந்தது.

ரெகுலேட்டரும் இந்த ஜாதிதான் என்பது பிறகு தெரிந்தது. 912-இன் ஜெனரேட்டர் எஞ்சினுக்கு உள்ளேயே இருக்கிறது, காந்தமும் காயிலும். அதன் ஏசியை டிசியாக்கி 14 வோல்ட்டில் கட்டிவைப்பது ரெகுலேட்டர். பேட்டரி எவ்வளவில் இருக்கிறது என்பதை சி என்ற முனையில் வரும் ஒரு மெல்லிய வயரில்தான் அது தெரிந்துகொள்ளும். ஒருமுறை அந்த வயரின் வழியில் இருந்த ஸ்விட்ச் தேய்ந்து, சி முனைக்கு 14.1 வந்துகொண்டிருந்தது. பேட்டரியிலோ 14.9. ரெகுலேட்டர் தன் கணக்கில் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தது; அதற்குள் பேட்டரி உப்பிவிட்டது. கௌலிங்கைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம்.

வோல்ட் மீட்டரைப் பைலட்டுகள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. இக்னிஷனுக்குத் தனிக் காயில் இருப்பதால் பேட்டரி செத்தாலும் இந்த எஞ்சின் ஓடும், அந்தத் தைரியம். ஆனால் இன்ஜெக்‌ஷன் வைத்த 912 ஐஎஸ் வேறு கதை. கம்ப்யூட்டருக்கும் பம்ப்புக்கும் கரன்ட் இல்லையென்றால் எஞ்சினே இல்லை; அதற்காகவே அதில் இரண்டு ஜெனரேட்டர். அதை ஓட்டுகிறவர்கள் வோல்ட்டைப் பார்க்கிற பார்வையே வேறு.

எனக்கு உண்மையில் பயம் தந்தது சூடு காட்டிய முள் அல்ல, குளிர் காட்டிய முள். முன்பு சிலிண்டர் தலையின் உலோகச் சூட்டை அளந்தார்கள். 2013 வாக்கில் வந்த புதுத் தலைகளில் சென்சார் கூலன்ட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கூலன்ட் இருக்கும் வரை நல்லதுதான். ஒருநாள் ஒரு பயிற்சியாளர் ஓடுபாதையைச் சுற்றி இரண்டாவது வட்டத்திலேயே இறங்கி வந்தார். "கூலன்ட் 70-க்கு இறங்கிடுச்சு, ஆயில் 125. ஏதோ சரியில்லை," என்றார். ரேடியேட்டர் ஹோஸின் கிளாம்ப் நழுவி, உள்ளே ஒரு டம்ளர் கூலன்ட்கூட மிச்சமில்லை. சென்சார் வெறும் ஆவியில் நின்றுகொண்டிருந்தது. குளிர்ச்சியாக இருக்கிறது என்று அவர் இன்னொரு வட்டம் போயிருக்கலாம். இரண்டு முள்ளும் எதிரெதிர்த் திசையில் போனதைக் கவனித்தார் பாருங்கள், அதற்காக அவருக்கு அன்று என் செலவில் டீயும் மசால் வடையும்.

அதற்குப் பிறகு, பறக்கும் முன் எஞ்சினை ஓட்டிச் சோதித்து எழுதும் எங்கள் ரன்-அப் தாளை மாற்றினேன். நார்மல் என்று எழுதினால் கையெழுத்து போட மாட்டேன், எண் வேண்டும். கூலன்ட், ஆயில், வோல்ட், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு கட்டம்: எல்லாம் அணைத்து ஒன்று, எல்லாம் போட்டு ஒன்று. பைலட்டுகள் முனகினார்கள். வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கும் கசிவுத் துளையை விரலால் தடவிப் பார்த்து ஈரமா, காய்ந்ததா என்று எழுத ஒரு கட்டம் சேர்த்தபோது இன்னும் கொஞ்சம் முனகினார்கள்.

போன மாதம் சேர்ந்த பெண் ஒருத்தி தாளை நீட்டினாள். "சார், கூலன்ட் 91, ரெண்டு கட்டத்துலயும் ஒரே நம்பர்தான் வருது. ஒண்ணை விட்டுடலாமா?"

"ஒரே நம்பர் வரத்தாம்மா ரெண்டு கட்டம்," என்றேன். முழுசாக நம்பாமல்தான் போனாள். ஆனால் இரண்டு கட்டத்திலும் 91 என்று எழுதியிருந்தாள்.