158க்கு 104

ஜூலை 3, வியாழன்
ஆபீசில் மெடிக்கல் கேம்ப். பிரஷர் 164/106. ஓடி வந்தீங்களா என்று நர்ஸ் கேட்டார். உட்காரவைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தார். 158/104. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. வயது 29.

ஜூலை 4, வெள்ளி
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 5, சனி
சொல்லிவிட்டேன். "இந்த வயசுல உனக்கு என்னட்டி பிரஷரு? ராத்திரி போனை நோண்டாமத் தூங்கு, எல்லாம் சரியாப் போவும்." அண்ணனும் அதையேதான் சொன்னான். அப்பா விழுந்தபோது அவருக்கு 46. மூளையில் ரத்தக்கசிவு. இந்த வீட்டில் அது எப்படி மறந்துபோகும்? உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று அதற்கு முன்பே பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். ஒன்றும் தெரியாமலே உள்ளே வேலை பார்க்கிற நோய் இது என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லியிருக்கலாம். மிச்ச மாத்திரைகள் வெகுநாள் பிஸ்கட் டப்பாவிலேயே கிடந்தன.

ஜூலை 7, திங்கள்
மும்பை மாட்டுங்காவில் டாக்டர். நல்ல மழை, ரயில் தாமதம், ஆனாலும் போய்விட்டேன். என்னை இவ்வளவு நிதானமாக எந்த டாக்டரும் பார்த்ததில்லை. இரண்டு கையிலும் பிரஷர் எடுத்தார், அப்புறம் காலிலும். கழுத்திலும் மணிக்கட்டிலும் தொடை இடுக்கிலும் நாடி பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பைத் தொப்புளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அங்கே ஓர் இரைச்சல் கேட்குமாம். கேட்கவில்லை. ஆனால் அதை வைத்து இல்லையென்று முடிவுகட்ட முடியாது, ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார்.

அப்புறம் கேள்விகள். மாதவிடாய் வலிக்கு என்ன மாத்திரை? கருத்தடை மாத்திரை உண்டா? மூக்கடைப்புக்கு? எனர்ஜி டிரிங்க்? குறட்டை? இதில் எதுவும் பிரஷரை ஏற்றலாமாம். வலிக்கு நான் போடும் டைக்ளோஃபெனாக் இனி வேண்டாம் என்றார். 30 வயதுக்குள் இவ்வளவு இருந்தால் பரம்பரை என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது, கிட்னி, அதன் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி, தைராய்டு, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி என்று காரணம் தேடிப் பார்க்கவேண்டும் என்றார். அம்மாவும் கூட வந்து இதைக் கேட்டிருக்க வேண்டும். சின்ன வயசு என்பதற்காக எல்லோரும் விட்டுவிடச் சொல்கிறார்கள். சின்ன வயசு என்பதால்தான் அவர் விடமாட்டேன் என்கிறார்.

பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று. கல்யாணம், குழந்தை எண்ணம் வந்தால் முதலிலேயே சொல்லவேண்டுமாம். சில பிரஷர் மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது.

ஜூலை 8, செவ்வாய்
148/96.

ஜூலை 10, வியாழன்
உப்புச் சண்டை. நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓர் ஆளுக்கு எல்லாமாகச் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. நார்த்தங்காய், மோர்மிளகாய், கருவாடு, இதற்கெல்லாம் கணக்கே கிடையாது. அப்பளக்காரமும் சோடியம்தான். அம்மா கடைக்குப் போய் இந்துப்பு வாங்கிவந்து, இது ஒண்ணும் செய்யாது என்றாள். அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவள் எனக்காகத்தானே மழையில் போனாள்.

ஜூலை 12, சனி
டாப்ளர். காலையிலிருந்து வெறும் வயிறு. ஜில்லென்று ஜெல்லைத் தடவி விலாவுக்குக் கீழே அழுத்தி அழுத்தி, "சாஸ் ரோக்கோ" என்று அந்தப் பெண் சொல்லும்போதெல்லாம் மூச்சைப் பிடித்தேன். இடது பக்கத்தில் ரொம்ப நேரம் தேடினாள். ஏன் இடது பக்கம்? முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ரிப்போர்ட் திங்கட்கிழமை.

ஜூலை 13, ஞாயிறு
இடது பக்கம்.

ஜூலை 14, திங்கள்
ரத்தக்குழாய் இரண்டும் நன்றாக இருக்கிறது! கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் சரி. வெளியே வந்து மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். பொட்டாசியம் 3.1, குறைவு, 3.5க்கு மேல் இருக்கவேண்டும். அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்தால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடுமாம். முதலில் பொட்டாசியத்தைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் அந்த ஆல்டோஸ்டிரோனையும், கிட்னி சுரக்கும் ரெனினையும் ரத்தத்தில் பார்க்கவேண்டும். அதுதான் என்றால் அதற்குத் தனி மருத்துவம் உண்டு, பயப்படாதே என்றார். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 16, புதன்
142/90. சாயங்காலம் கணுக்கால் லேசாக வீங்கியிருந்தது. இந்த மாத்திரைக்கு அப்படி ஆகலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நிறுத்தமாட்டேன்.

ஜூலை 19, சனி
அண்ணனைப் பிடித்து உட்காரவைத்தேன். கால் தரையில், முதுகு நாற்காலியில், ஐந்து நிமிஷம் பேசக்கூடாது. 156/102. கையில சுத்துற பட்டை சின்னது, அதான் கூடக் காட்டுது என்றான். அது நியாயம்தான், அவன் கை பருமன். மதியமே சயானுக்குப் போய்ப் பெரிய பட்டை வாங்கிவந்தேன். 150/98. மறுபடி எடுத்தேன். 148/98. சிகரெட் வேறு. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன், நானும் வாரேன்" என்றாள். அண்ணன் திங்கட்கிழமை லீவு கிடைக்காது என்கிறான்.