ரோஸ்டரைப் படம் எடுத்தால் போதும், பழி எனக்கு

ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு சின்ன செயலியை ஒற்றை ஆளாக எழுதிப் பராமரித்து வருகிறேன். செவிலியர்கள், காவலாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், இவர்கள்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மாத ரோஸ்டர் (யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை) கைக்கு வந்ததும் ஒவ்வொரு தேதிக்கும் காலையா, மாலையா, இரவா, ஓய்வா என்று தட்டிக்கொண்டே போனால், செயலி அதைக் காலண்டரில் போட்டு, மணிக்கணக்கைக் கூட்டி, அலாரம் வைத்துவிடும். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

ஏஐ வந்ததால் செயலி உலகம் எப்படி மாறியது என்று கேட்டால், எல்லாரும் வேகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். என் கண்ணில் பட்ட மாற்றம் வேறு. ஏதாவது தப்பாகப் போனால் பொறுப்பு யாருடையது என்ற கணக்கு இடம் மாறிவிட்டது. முன்பு பாதிக்கு மேல் பயனர் பக்கம் இருந்தது. இப்போது ஏறக்குறைய முழுசாக என் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பயனர்கள் ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: "ஒவ்வொரு நாளாகத் தட்ட அலுப்பாக இருக்கிறது, போட்டோ எடுத்தால் செயலியே படித்துக்கொள்ளக் கூடாதா?" படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் பழைய நுட்பத்தால் இது முடியவில்லை. அது எழுத்தைப் படித்துவிடும். ஆனால் சுவரில் கோணலாக ஒட்டி, பேனாவால் அடித்துத் திருத்திய தாளில், எந்த எழுத்து யாருடைய வரிசையில் எந்தத் தேதிக்கு உரியது என்று அதற்குத் தெரியாது. படத்தைப் பார்த்து அமைப்பையும் புரிந்துகொள்ளும் ஏஐ மாடல்கள் வந்தபிறகுதான் அந்த வசதியைச் சேர்க்கத் துணிந்தேன்.

சேர்த்தபிறகுதான் விஷயமே ஆரம்பித்தது. 31 கட்டங்களில் ஒன்றை மாடல் தவறவிட்டால், அதற்கப்புறம் இருக்கும் எல்லா ஷிஃப்டும் ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிடும். ஒரு கட்டத்தில் மை பரவி எழுத்து தெரியாவிட்டால், 'தெரியவில்லை' என்று அது தானாகச் சொல்வது அபூர்வம். முந்தைய மூன்று நாளும் இரவு என்றால் நான்காவதையும் இரவு என்றே நிரப்பிவிடும். பார்க்க இயல்பாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. கண்டபடி உளறினால் பயனர் உடனே கவனித்துவிடுவார். நம்பும்படி இருக்கும் தப்பை யாரும் கவனிப்பதில்லை.

இதற்காக நிறைய தடுப்புகள் வைத்திருக்கிறேன். கட்டங்களின் எண்ணிக்கை மாதத்தின் நாட்களோடு பொருந்தாவிட்டால் முடிவையே காட்டுவதில்லை. எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் காலியாக விடு என்று மாடலுக்கு அழுத்திச் சொல்லி, அப்படிக் காலியாக வந்த கட்டங்களை மஞ்சளில் காட்டுகிறேன். படத்தின் அந்தத் துண்டை மேலேயும், படித்த முடிவைக் கீழேயும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்த்தபின் 'சரி' பொத்தானை அழுத்துபவர்கள் குறைவு. கையால் தட்டி ஒரு நாளைத் தப்பாகப் போட்ட காலத்தில் அவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். இப்போது எனக்கு மின்னஞ்சல் வருகிறது: "உங்கள் செயலி என்னை ஓய்வு நாளில் வேலைக்குப் போக வைத்துவிட்டது." நியாயமான கோபம்தான். படிக்கிறேன் என்று சொன்னது என் செயலிதானே.

இன்னொரு சிக்கல், முதலில் யாருக்கும் தோன்றாதது. ரோஸ்டரில் உங்கள் பெயர் மட்டுமா இருக்கிறது? கூட வேலை செய்யும் எல்லாருடைய பெயரும், யார் எந்த இரவு எங்கே இருப்பார் என்ற விவரமும் இருக்கிறது. அந்தப் படத்தை அப்படியே வெளி நிறுவனத்தின் மாடலுக்கு அனுப்பினால், சம்மதமே கேட்கப்படாத முப்பது பேரின் நடமாட்டம் கூடவே போகிறது. ஆப்பிள் 2025 நவம்பரில் தன் விதிகளைத் திருத்தி, தனிப்பட்ட தகவலை மூன்றாம் தரப்பு ஏஐக்குக் கொடுப்பதாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சரி, என் பயனரிடம் அனுமதி வாங்கிவிடலாம். மற்ற முப்பது பேரிடம் யார் வாங்குவது? அதனால் இப்போது படத்தின் மேல் விரலால் இரண்டு பட்டைகளை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்: தேதி வரிசை, உங்கள் வரிசை. பெயர்ப் பகுதியைச் செயலி வெட்டிவிடும். அந்த இரண்டு துண்டுகள் மட்டுமே ஃபோனை விட்டு வெளியே போகும். இது கூடுதலாக ஒரு படி, சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

பணக் கணக்கும் தலைகீழாகிவிட்டது. பழைய மாதிரிச் செயலியை ஒருமுறை விற்றால் போதும், அதற்கப்புறம் அவர் எத்தனை தடவை பயன்படுத்தினாலும் எனக்குச் செலவு கிடையாது. ஆப் ஸ்டோர் கமிஷன் என்னைப் போன்ற சிறியவர்களுக்கு 15 சதவீதம், மீதி எனக்கு. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் நான் மாடல் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். என்றோ ஒரு தடவை வாங்கியவர் மாதாமாதம் படம் எடுப்பார். சின்னச் செயலிகளெல்லாம் ஏன் சந்தா கேட்கின்றன என்று எரிச்சல்படுபவர்களுக்கு, காரணங்களில் ஒன்று இது. (பேராசையும் உண்டு, மறுக்கவில்லை.)

ஓரளவு தப்பிக்க வழி, ஃபோனிலேயே ஓடும் மாடல். ஐஓஎஸ் 26 முதல், ஏறத்தாழ 300 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாடல் கற்றுக்கொண்ட எண்கள்) கொண்ட மாடல் ஒன்றைச் செயலி எழுதுபவர்கள் பயன்படுத்த ஆப்பிள் திறந்துவிட்டிருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் காசு இல்லை, தகவலும் வெளியே போகாது. அச்சிட்ட ரோஸ்டர் என்றால் எழுத்துகளையும் அவை இருக்கும் இடங்களையும் முதலில் எடுத்து, அதை அட்டவணையாக அடுக்கும் வேலையை அந்த மாடலிடம் விட்டுவிடலாம். கையெழுத்து என்றால் முடியாது, சர்வருக்குத்தான் போக வேண்டும். ஐஃபோன்களில் 15 புரோவுக்கு முந்தையவற்றில் அது ஓடவே ஓடாது. அதாவது புதிய ஃபோன் வைத்திருப்பவரின் தனியுரிமை பத்திரம், பழைய ஃபோன்காரர் சர்வரை நம்ப வேண்டும். இது எனக்குப் பிடிக்கவில்லை.

மொழியிலும் இப்படி ஒரு ஏற்றத்தாழ்வு உண்டு. ரோஸ்டரோடு குறிப்பு எழுதும் வசதி என் செயலியில் இருக்கிறது. மாடல்கள் எழுத்தை டோக்கன்களாக நறுக்கி, அந்தக் கணக்கில்தான் காசு வாங்குகின்றன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடல் வந்தபோது, ஓப்பன்ஏஐ தன் அறிவிப்பில் ஒரு மாதிரிப் பத்தியைப் பல மொழிகளில் காட்டியது. தமிழில் அது 116 டோக்கனிலிருந்து 35 ஆகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அதுவரை அதே விஷயத்தைத் தமிழில் எழுதியவருக்காக நான் மூன்று மடங்குக்கு மேல் டோக்கன்களுக்குக் கட்டியிருக்க வேண்டும் என்றும் அதற்கு அர்த்தம்.

நிரல் எழுதும் பக்கம் வருவோம். 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாதி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தாரே, நிரலைப் படிக்காமலே மாடல் தருவதை ஏற்றுக்கொண்டு போகும் முறை, அது வார இறுதி விளையாட்டுக்கு அருமை. என் செயலியில் இரவு 10 முதல் காலை 6 வரை எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கே மூன்று விடை உண்டு. வழக்கமாக எட்டு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில் அந்த ஒரு இரவு ஏழு, பின்னே தள்ளும் இரவு ஒன்பது. அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு. மாடல் எழுதித் தந்த நிரல் 'அடுத்த நாள்' என்பதற்கு 86,400 விநாடிகளை, அதாவது எப்போதும் 24 மணி நேரத்தை, கூட்டியிருந்தது. அதுவே எழுதிய சோதனைகள் எல்லாம் பச்சையாக, அதாவது தேறியதாக, இருந்தன. ஏன் இருக்காது? நிரலில் உள்ள அதே அனுமானம்தான் சோதனையிலும். அதை நான் பிடித்தது, பழைய பயனர் புகார்களிலிருந்து கையால் எழுதிவைத்த தனிச் சோதனைக் கோப்பு ஒன்றால்தான். அந்தக் கோப்பைத் தொட மாடலுக்கு அனுமதி இல்லை, சொல்லப்போனால் எனக்கே அதைத் தொட பயம்.

வேகம்? திரைகள், அமைப்புப் பக்கங்கள், மொழிபெயர்ப்புக் கோப்புகள் இதெல்லாம் பறக்கிறது. மற்றதில் எனக்குச் சந்தேகம். 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் நிரலாளர்களை 246 வேலைகளில் வைத்துப் பார்த்ததை வெளியிட்டது. ஏஐ கருவியோடு அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. வேலை முடிந்தபின் கேட்டால், 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்தார்கள். அதற்கப்புறம் கருவிகள் மாறிவிட்டன, சரி. நம் நினைப்பை நம்பக் கூடாது என்பது மட்டும் எனக்கு இன்னும் பொருந்துகிறது.

எழுதுவது சுலபமாகிவிட்டதால் போட்டியும் கூடிவிட்டது. என் திரைகளைப் போலவே இருக்கும் செயலிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர், வெளியிடும் முன் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைக்க வேண்டும். ஒரு மாலையில் செயலி தயார், ஆனால் மனிதர்கள் வேண்டும்.

விளம்பரம்தான் வேடிக்கை. முன்பெல்லாம் ஆப் ஸ்டோரின் 30 எழுத்துப் பெயரிலும் 100 எழுத்துக் குறிச்சொற்களிலும் மல்லுக்கட்டுவேன். இப்போது பலர் உரையாடும் ஏஐயிடம் "எனக்கு எந்த ஷிஃப்ட் செயலி சரி?" என்று கேட்டுவிட்டு நேராக வருகிறார்கள். ஒருவர் வந்தார், வரி போக மாதச் சம்பளத்தை என் செயலி கணக்கிடும் என்று ஏதோ ஒரு ஏஐ அவருக்குச் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு வசதி எப்போதும் இருந்ததில்லை. வாங்கினார், தேடினார், ஒற்றை நட்சத்திரம் போட்டார். ஐஓஎஸ் 18.4 முதல் ஆப் ஸ்டோரில் சில செயலிகளுக்கு ரிவ்யூக்களை மாடல் சுருக்கித் தருகிறது. இப்படி நாலு ரிவ்யூ சேர்ந்தால், ஒரு ஏஐ கற்பனை செய்த வசதி 'குறை' என்று இன்னொரு ஏஐயின் சுருக்கத்தில் ஏறிவிடலாம். பதில் சொல்ல வேண்டியது நான். அதனால் 'இந்தச் செயலி என்னென்ன செய்யாது' என்று தனிப் பக்கம் எழுதி இணையத்தில் போட்டிருக்கிறேன், மனிதர்களைவிட அந்த மாடல்கள் படிக்கட்டும் என்றுதான்.

இப்போது வரும் கோரிக்கை, செயலியைத் திறக்காமலே ஃபோனின் குரல் உதவியாளரிடம் "வியாழன் இரவை வெள்ளிக்கு மாற்று" என்று சொன்னால் மாற வேண்டும் என்பது. நுட்பமாகப் பார்த்தால் கஷ்டமில்லை. அடுத்த பதிப்பில் "நாளை எனக்கு என்ன டூட்டி?" என்று கேட்டால் பதில் வரும், மாதத்தின் மொத்த மணி நேரமும் சொல்லும். மாற்றும் உரிமையை மட்டும் இப்போதைக்குக் கொடுக்கப்போவதில்லை. அதற்குத் திரையைத் திறந்து, தேதியைப் பார்த்து, விரலால்தான் தட்ட வேண்டும். அலுப்பாக இருக்கிறது என்று எழுதுவார்கள், தெரியும்.