வலியைக் காட்டப் பழகிய கதை

பாக்ஸிங்கில் எனக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்தது, அடி வாங்கினால் முகத்தில் காட்டாதே என்பதைத்தான். வியாசர்பாடியில் எங்கள் மாஸ்டர் பசங்களுக்கு கிளவுஸ் மாட்டிவிடும்போதே இதைச் சொல்லிவிடுவார். விலாவில் ஒன்று இறங்கி மூச்சு நின்றுபோனாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால்தான் இழுக்க வேண்டும், வலிக்கிறது என்று எதிரே நிற்பவனுக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த குத்தும் அதே இடத்தில்தான் விழும். பன்னிரண்டு வருஷம் அப்படியே பழகிவிட்டேன். அப்புறம் 27 வயதில், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எந்த வேலையும் அமையாமல், பஞ்சாபில், டிவியில் காட்டுகிற ஷோ ரெஸ்லிங்கைச் சொல்லித் தரும் ஒரு பயிற்சிக் கூடத்துக்கு ரயில் ஏறினேன். அங்கே முதல் வாரமே கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு வலிக்கவே வலிக்காதா? டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

டிவியில் பார்த்த வரைக்கும் எனக்கும் அது பொய்ச் சண்டைதான். யார் ஜெயிக்கப்போகிறார் என்று முன்னாலேயே பேசி வைப்பது உண்மை. ஆனால் விழுவதில் பொய்யே கிடையாது. அந்த ரிங்கில் அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, பலகை மேல் மெல்லிய ஃபோம், கேன்வாஸ், அவ்வளவுதான். மல்லாந்து விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மேல்முதுகு முழுக்க ஒரே சமயத்தில் படும்படி விழுந்து, இரண்டு உள்ளங்கையாலும் தரையை அறைந்து, அந்த நொடியே மூச்சை வெளியே விட வேண்டும். இதற்கு பம்ப் என்று பெயர். முதல் நாள் ஐம்பது முறை விழுந்தேன். ராத்திரி தலையை இரண்டு கையாலும் தூக்கித்தான் புரண்டு படுக்க முடிந்தது.

வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன், பழக்கத்தைத்தான் விட முடியவில்லை. விழுந்த உடனே எழுந்துவிடுவேன். ரெஃப்ரி எண்ணி முடிப்பதற்குள் நின்றாக வேண்டும் என்று உடம்புக்குள் எழுதி வைத்திருக்கிறது, அதை யார் அழிப்பது? குத்து வந்தால் தலை தானாக நகர்ந்துவிடும். பார்ட்னர் கையை ஓங்கி வீசுவார், நான் அங்கே இருக்கவே மாட்டேன். அந்த அடியை நின்று வாங்கி, அது எவ்வளவு பலமாக விழுந்தது என்று என் முழங்கால், என் கழுத்து, என் மூச்சு எல்லாம் சொல்ல வேண்டும். அதைத்தான் அங்கே செல் பண்ணுவது என்பார்கள். ஒரு மாதம் எனக்கு அது வரவே இல்லை.

அந்த மாதத்தில்தான் அது நடந்தது. என் பார்ட்னர் ஹரியானாக்காரர், அகாடா என்கிற குஸ்திப் பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தவர். ஒத்திகையில் நான் கையைத் தளர்த்தி வீச வேண்டும், கன்னத்தை உரசிக்கொண்டு போக வேண்டும், அதே நொடியில் இடது காலால் பலகையை ஓங்கி மிதித்தால் அந்தச் சத்தம் குத்தின் சத்தமாகக் கேட்கும். அன்றைக்குக் களைப்பில் கை தன் பழைய வழியிலேயே போய்விட்டது. நேரான ஜாப், பாக்ஸிங்கின் நேர்க்குத்து. உதடு பிளந்து பல்லெல்லாம் ரத்தம். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "உன் கைக்குத்தான் என் முகத்தைக் கொடுத்திருக்கிறேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை கூசுகிறது.

அமெரிக்க பாக்ஸர் ஜோ லூயிஸ் கதை எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் அன்றைக்குத்தான் புரிந்தது. 1937-லிருந்து 1949 வரை ஹெவிவெயிட் சாம்பியன், 25 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர். போர்க் காலத்தில் இரண்டு சண்டைகளின் பணத்தை கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்த மனிதர், கடைசியில் வரிப் பாக்கி கழுத்தை நெரிக்க 1956-ல் ரெஸ்லிங் ரிங்குக்குள் ஏறினார். ராக்கி லீ என்பவரோடு மோதியபோது, 300 பவுண்டுக்கு மேல் இருந்த அந்த உடம்பின் எடை லூயிஸின் மார்பில் இறங்கி, விலா உடைந்து, இதயத் தசையும் பாதிக்கப்பட்டது. உலகமே பயந்த பாக்ஸர் அவர். அவருக்கு நேர்ந்ததைப் பொய்ச் சண்டை என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவர் மேல் ஒருவர் எடையை வைக்கும் வேலை இது, ஒரு அங்குலம் தவறினாலும் உடையும்.

எல்லோருக்கும் ரெஸ்லிங் அப்படி மோசமாக முடிந்துவிடவில்லை. இத்தாலிக்காரர் பிரிமோ கார்னெரா 1933-ல் சாம்பியனாகி, அடுத்த வருஷமே மேக்ஸ் பேயரிடம் திரும்பத் திரும்பக் கீழே விழுந்து பட்டத்தை இழந்தார். பாக்ஸிங்கில் சம்பாதித்ததை அவரைச் சுற்றி இருந்தவர்களே தின்றுவிட்டார்கள். 1946-ல் ரெஸ்லிங்குக்கு வந்த பிறகுதான் காசு அவர் கையில் நின்றது. 1976-ல் டோக்கியோவில் பாக்ஸர் முகமது அலியும் ஜப்பான் ரெஸ்லர் அன்டோனியோ இனோகியும் மோதியதையும் வீடியோவில் முழுதாகப் பார்த்தேன். 15 ரவுண்டும் இனோகி பெரும்பாலும் தரையில் படுத்தபடி அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார், அலிக்குக் குத்த ஆளே கிடைக்கவில்லை, டிரா. ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இந்த வேலை நடக்காது என்பது அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் முதல் ஷோ ஒரு கிராமத்து மேளாவில், ட்யூப் லைட் வெளிச்சத்தில். அதே ஹரியானா அண்ணனோடுதான். வயிற்றில் அவர் முட்டியபோது நான் சுருண்டு, கயிற்றைப் பிடித்து எழப் பார்த்து, முடியாமல் மறுபடியும் விழுந்தேன். முன்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து நின்று அவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஊருக்கு வந்தபோது அந்த வீடியோவை மாஸ்டரிடம் போனில் காட்டினேன். திட்டுவார் என்று பயந்துகொண்டே நின்றேன். மூன்று முறை பார்த்தார்.

"அந்தப் பையனுக்கு ஒண்ணும் அடிபடலையே?"

"இல்ல மாஸ்டர்."

"குத்தும்போது இடது காலைத் தரையில அடிக்கிறியே, எதுக்குடா அது?"

சத்தத்துக்கு என்றேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, காற்றில் மெதுவாக ஒரு ஜாப் விட்டு, ஜிம் தரையில் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்த்தார்.