பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு ஸ்கேனர்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அக்கா, கேன் நம்பர்னா என்னக்கா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அரசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தேவைப்படும் எண் அது. என்ன படிக்கலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீலகிரியில் பந்தலூர், கொளப்பள்ளி, சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் இவர்கள். 2015-இல் இதே கேள்விகளோடு நானும் அலைந்தேன், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. எங்கள் கஷ்டத்தைப் பற்றி நிறைய எழுதலாம். ஆனால் என் படிப்பு நின்றுபோயிருந்தால் அதற்குக் காசு காரணமாக இருந்திருக்காது, காகிதம்தான் காரணமாக இருந்திருக்கும்.

நாங்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில் எங்கள் தாத்தாவும் அப்பாயியும் ஐந்து வயது அப்பாவும் உண்டு. அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1974-இல் தலைமன்னார் வந்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து நீலகிரிக்கு வந்தார்கள். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் வனத்துறை இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. 1976-இல் அது டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்ற அரசு நிறுவனமானது. நாற்று நட்டது தாத்தா, அதில் கொழுந்து எடுத்தது அம்மா, அந்த இலை போன ஃபேக்டரியில் அப்பா. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை இருக்கும்வரைதான் வீடு. அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டில் எதை வாங்கிச் சேர்த்தார்களோ இல்லையோ, காகிதத்தை மட்டும் தூக்கிப் போட மாட்டார்கள்.

அப்பாயியிடம் ஒரு பழைய பால்மா டின் இருந்தது. அதற்குள் மஞ்சள் துணியில் சுற்றிய குடும்ப அட்டை. ரேஷன் கார்டு இல்லை இது, சிலோனிலிருந்து வரும்போது கையில் கொண்டுவந்தது. மடிப்புகளெல்லாம் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போயிருக்கும். தாத்தா, அப்பாயி படம், பெயர்கள், வயது, இந்தியாவில் பூர்வீகம் எது என்பதெல்லாம் அதில் உண்டு. அதில் அப்பா பெயர் முத்தையா. ரேஷன் கார்டில் முத்தையன். என் பள்ளிப் பதிவேட்டில் வெறும் முத்து. மூன்றும் ஒரே ஆள் என்று லைனில் உள்ள நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும், ஆனால் அலுவலகத்துக்குத் தெரியாதே.

பொறியியல் கவுன்சிலிங்குக்கு எனக்கு வேண்டியிருந்தது சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும். வீட்டில் யாருமே டிகிரி முடிக்காத பிள்ளைக்கு, ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்விக்குப் போனால் டியூஷன் ஃபீஸை அரசு ஏற்கிறது. 2010-11 கல்வியாண்டில் வந்த திட்டம். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இது கிடைக்கும். எனக்கு வாங்கினால் தம்பிக்குக் கிடையாது. இதை அப்பா இரண்டு நாள் யோசித்தார். தம்பிதான், "அக்கா வாங்கட்டும்பா, நான் ஐ.டி.ஐ. போயிக்கிறேன்" என்றான். அப்போது அவன் ஒன்பதாவது.

முதலில் போன அலுவலகத்தில், "பூர்வீகம் முசிறின்னு போட்டிருக்கு, அங்க போயி வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். முசிறியில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? தாத்தாவின் தாத்தா கிளம்பிப் போன ஊர் அது. அந்தத் தெருப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அப்பா ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிவிட்டார். தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு அண்ணன்தான் மறுநாள் வீட்டுக்கு வந்து, "வாயால சொன்னா வாயோட போயிரும். மனுவா எழுதிக் குடு. அட்டையோட நகல், உங்க அப்பா ஸ்கூல் சர்டிபிகேட், ரேஷன் கார்டு எல்லாத்தையும் வச்சு நேர்ல வந்து விசாரிக்கச் சொல்லிக் கேளு. கைல ரசீது வாங்காம வராத" என்றார். நான் கல்லூரியில் கற்றதைவிட அந்த நாலு வாக்கியம் எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

வருவாய் ஆய்வாளர் ஜூன் மழையில் நேரில் வந்தார். லைனுக்கு ஜீப் வராது, கீழே நிறுத்திவிட்டுக் குடை பிடித்து நடந்து வந்தார். அப்பாயி அவரை "தொரை" என்றுதான் கூப்பிட்டார். அவர் நெளிந்தார். "பாட்டி, எந்த ஊரு நீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், அப்பாயி அட்டன் தோட்டத்தின் டிவிஷன், கங்காணி பேர், காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு அடிக்கும் நேரம், கப்பலில் தாத்தா வாந்தி எடுத்தது வரை சொல்லி முடித்தார். ஆய்வாளர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பக்கத்து வீட்டு இரண்டு பேரிடம் வாக்குமூலம் வாங்கினார். முத்தையாவும் முத்தையனும் முத்துவும் ஒருவரே என்று எழுதிக்கொண்டார். சான்றிதழ் வந்துவிட்டது. நல்ல அதிகாரி ஒருவர் அமைந்ததால் நடந்தது என்று அப்பா இன்றும் சொல்வார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மனு கொடுத்ததால் நடந்தது. நல்லவராக அமைந்ததால் சீக்கிரம் நடந்தது.

கவுன்சிலிங் அப்போது கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடக்கும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் எனக்கும் கூட வருபவருக்கும் பாதி டிக்கெட். கூடலூர், கோயம்புத்தூர், அங்கிருந்து ராத்திரி பஸ். சென்னையில் இறங்கியதும் அப்பா ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்தார், திரும்பி கூடலூர் வரும்வரை எடுக்கவில்லை.

கேட் வாசலிலேயே தனியார் கல்லூரிக்காரர்கள் நோட்டீஸோடு நிற்பார்கள். ஹாஸ்டல் ஃப்ரீ, லேப்டாப் ஃப்ரீ, பஸ் ஃப்ரீ. உள்ளே பெரிய திரைகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நாம் குறித்து வைத்த இடம் கண்ணெதிரே ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைந்து காணாமல் போகும். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், மகளுக்காக முந்தைய வருடங்களின் கட்-ஆஃப் எல்லாவற்றையும் அச்செடுத்து, பச்சை, சிவப்பு மார்க்கரில் கோடு போட்டு வைத்திருந்தார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, "உங்க பொண்ணு கட்-ஆஃப் எவ்வளவுங்க?" என்று கேட்டார். சொன்னோம். தாளைத் திருப்பி, "பர்கூர் கவர்ன்மென்ட் காலேஜ்ல ட்ரிபிள் ஈ இருக்கும். ஃபீஸ் கம்மி. வாசல்ல குடுத்த நோட்டீஸ கிழிச்சுப் போடுங்க" என்றார். அந்தத் தாள் கண்ணில் படாத எத்தனையோ பேர் நோட்டீஸில் இருந்த கல்லூரியை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவர்களும் என்னைப் போலப் படித்தவர்கள்தான்.

உள்ளே போய் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவரிடம் கல்லூரிக் கோடு நம்பரைச் சொன்னேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார், இடம் இருந்தது. அவ்வளவுதான்.

கல்லூரி நான்கு வருடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் இங்கிலீஷில் இன்ஜினியரிங் ட்ராயிங் கேட்டவர்களுக்கு அது தெரியும். பர்கூர் வெயில் புதிது. மூன்றாம் வருடம் அப்பாயி இறந்துபோனார், நான் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். 2019-இல் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

தோட்டப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட உதவ நாங்கள் நடத்தும் மேசை தொடங்கியது ஒரு கோபத்தில். எங்கள் பக்கத்து லைன் பெண் ஒருத்தி, நல்ல மார்க். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு வருமா வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை, கடைசித் தேதி போய்விட்டது. பிறகு நான் பார்த்தபோது, ஸ்கேன் மங்கலாக இருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்து பல நாளாகியிருந்தது. அந்த எஸ்.எம்.எஸ். அவளுக்கு வரவே இல்லை. ஏனென்றால் கேன் பதிவு செய்தபோது பிரவுசிங் கடைக்காரர் தன் நம்பரைப் போட்டிருந்தார். கேன் என்பது வருவாய்த்துறைச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அடிப்படையான பதிவு எண். சாதிச் சான்று ஆர்.இ.வி. 101, வருமானம் 103, முதல் பட்டதாரி 104, எல்லாமே அந்த எண்ணில்தான் ஓடும். ஓ.டி.பி. அந்த எண்ணோடு சேர்ந்த செல்போனுக்குத்தான் போகும். கடைக்காரரும் கெட்டவர் இல்லை, அந்த வீட்டில் போன் இல்லை என்று தன்னுடையதைப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போனது.

அடுத்த மே மாதம் ஒரு பழைய லேப்டாப்பும் ஸ்கேனரும் எடுத்துக்கொண்டு வந்து, பிள்ளைக்காம்பரா திண்ணையில் உட்கார்ந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும், மழைக்கு ஒதுங்கலாம். இப்போது நாங்கள் நாலைந்து பேர், எல்லோரும் லைனிலிருந்து படித்துப் போனவர்கள். ஒருத்தி நர்ஸ், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒரு தம்பி சட்டம் படிக்கிறான். என் சொந்தத் தம்பி ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். கரண்ட் போனால் ஸ்கேனர் நிற்காமல் இருக்க அவன்தான் பேட்டரி கட்டிக் கொடுத்தான். பந்தலூர் மழையில் கரண்ட் போகாத நாளை எண்ணிவிடலாம்.

வரும் பிள்ளையிடம் முதலில் பார்ப்பது கேன் யாருடைய நம்பரில் இருக்கிறது என்பதை. பிறகு பெயர், இனிஷியல், அப்பா பெயர். ஒரிஜினலைத்தான் ஸ்கேன் செய்வோம், ஜெராக்ஸை ஸ்கேன் செய்தால் மங்கிவிடும். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய்க் கட்டணத்தோடு போடப்பட்டதும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, வாரா வாரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கிராம நிர்வாக அலுவலரிடமா, ஆய்வாளரிடமா, தாலுகா அலுவலகத்திலா என்று தெரிந்தால் அங்கே போய்ப் பணிவாகக் கேட்கலாம். சும்மா போய், "சார், என்னாச்சு?" என்றால் அவர்களுக்கும் எரிச்சல்தான் வரும்.

எங்கள் காலத்தைவிட இப்போது உதவி அதிகம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் கிடைத்தால் டியூஷன், ஹாஸ்டல் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். 2024-இலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆனால் பணம் வர பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். அது இல்லாமல் தவணை வராமல் இருப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

கல்விக் கடனில் வேறு சிக்கல். ஒரு பையனுக்கு வங்கியில், "சொந்த வீடு இல்லாதவங்களுக்குக் கஷ்டம்மா" என்றார்கள். 4 லட்சம் வரை பிணை கேட்கக்கூடாது என்பதுதான் மாதிரிக் கல்விக் கடன் திட்ட விதி. அதை அச்செடுத்துக் கொண்டு போனோம். அதற்கு முன்பே வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து எண் வாங்கியிருந்தோம். வாய்மொழியாக "முடியாது" என்று சொல்வது ஒன்று, பதிவான விண்ணப்பத்தில் காரணம் எழுதி மறுப்பது வேறு. இரண்டு வாரத்தில் கடன் வந்தது. யாரிடமும் குரலை உயர்த்தவில்லை.

சில பள்ளிகளில் ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டுத் தன்னம்பிக்கை பற்றிப் பேசச் சொல்வார்கள். "தோட்டத் தொழிலாளி மகள் இன்ஜினியர் ஆன கதை" என்று அறிமுகம் வேறு. எனக்கு அதில் கொஞ்சம் சங்கடம். யானைக்குப் பயந்து விடியக் காத்திருந்து, மூன்று மைல் நடந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கையை நான் என்ன சொல்லித் தருவது? பூர்த்தி செய்த ஒரு மாதிரி விண்ணப்பத்தை எடுத்துப் போய், அதைப் பெரிதாகக் காட்டி ஒவ்வொரு கட்டமாகச் சொல்கிறேன். கைத்தட்டல் குறைவுதான். ஆனால் முடிந்ததும் மேடைக்குக் கீழே வரிசை நிற்கும்.

பெரியவர்களும் வருகிறார்கள். பி.எஃப்., பென்ஷன் உயிர்ச் சான்று, பட்டா என்று. முதலில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம், பிள்ளைகள் வேலை தேங்கியது. இப்போது மே, ஜூன் இரண்டு மாதமும் படிப்பு விஷயம் மட்டும். சில அண்ணன்களுக்கு இதில் வருத்தம் உண்டு. பரவாயில்லை.

போன வருடம் முதல் இன்னொன்றும் செய்கிறோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அச்சான பெயரைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே போய், பள்ளிப் பதிவேடு, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டில் இருந்தால் அந்தப் பழைய குடும்ப அட்டை, நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். நாங்கள் பார்த்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் எழுத்து மாறியிருந்தது. ஒரு பையனுக்கு இனிஷியலே தாத்தாவுடையது. தலைமையாசிரியர் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தார். இந்த நவம்பரில் கொளப்பள்ளிப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் கேட்டிருக்கிறது. அதற்கு இன்னொரு ஸ்கேனர் தேடிக்கொண்டிருக்கிறோம்.