கொக்கலைத் தளத்தில் தாத்தா

என் தந்தைவழித் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கொக்கலைத் தளத்தில் வேலை செய்தவர். தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் கதை என்றால் கொழுந்துக் கூடையும் லயம் என்ற வரிசை வீடுகளும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. எங்கள் ஆட்கள் போர்க்காலத்தில் இந்தத் தீவுக்குச் செய்த வேலையைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பதினான்கு வயதிலேயே ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலைக்குள் எண்ணெய் ஊற்றும் பையனாகச் சேர்ந்து, ரோலரும் டிரையரும் எங்கே சத்தம் மாறினால் எங்கே கோளாறு என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறியவர். 1942 தொடக்கத்தில், தோட்டத் துரை எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு கொக்கலைக்குப் போனார். காலிக்குத் தென்கிழக்கே கடலோரமாக இருக்கும் கொக்கலை வாவியில் அப்போது கட்டலினா என்ற, தண்ணீரில் இறங்கி ஏறும் ‘பறக்கும் படகு’ விமானங்களுக்காகத் தளம் அமைக்கப்பட்டிருந்தது. அதற்காக அந்தக் கிராமத்து மக்கள் குறுகிய அவகாசத்தில் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆளில்லாத வீடுகளின் கிணற்றில் தண்ணீர் மொள்ளவே மனம் வரவில்லை என்று தாத்தா சொல்வாராம்.

அவர் உள்ளூர் ஆளாகச் சேர்க்கப்பட்டு, எஞ்சின் பிரிவில் மெக்கானிக்குக் கையாளாக நின்றார். கட்டலினாவுக்கு இறக்கைமேல் இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் பதினான்கு சிலிண்டர்கள். விமானம் வாவியில் மிதந்துகொண்டிருக்கும்போதே பல வேலைகளைச் செய்ய வேண்டியிருந்ததால், கைதவறிய ஸ்பேனர் நேரே தண்ணீருக்குள் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஸ்பேனரையும் சணல் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் இறக்கைமேல் ஏறுவார்கள். போர் முடிந்து ஸ்டோருக்குத் திரும்பிய பிறகும், சிமெந்துத் தரையில் நின்றுகொண்டே தாத்தா ஸ்பேனரை மணிக்கட்டில் கட்டிக்கொள்வார் என்று அப்பா சொன்னார். பெரிய வேலைகளுக்கு விமானத்தைக் கரையேற்ற வேண்டும். ஆட்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று அதன் அடியில் சக்கரங்களைப் பூட்டுவார்கள். தாத்தாவின் வலது தோளில் இருந்த நீளமான தழும்பு அந்த வேலையில் பட்டது.

1942 ஏப்ரல் 4ஆம் தேதி கனடாவைச் சேர்ந்த லெனர்ட் பேர்ச்சால் ஓட்டிச் சென்ற கட்டலினா, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு வானொலியில் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. பேர்ச்சாலும் உயிர் தப்பியவர்களும் சிறைப்பிடிக்கப்பட்டார்கள். அந்தத் தகவல் முன்கூட்டியே கிடைத்திருந்தும், மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலையில் விழுந்தது. திரும்பி வராத பேர்ச்சாலின் விமானத்துக்காக 4ஆம் தேதி இருட்டிய பிறகும் வாவிக்கரையில் ஆட்கள் நின்றதைத் தாத்தா பலமுறை சொல்லியிருக்கிறார். 1943இலிருந்து ஆஸ்திரேலியாவின் பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே கட்டலினாக்கள் வானொலி மௌனத்தோடு பறந்தன. ஏறக்குறைய முப்பது மணி நேரப் பயணத்தில் இரண்டு முறை சூரியோதயம் காணலாம் என்பதை அவர் சொன்னபோது லயத்தில் யாரும் நம்பவில்லையாம்.

இத்தனைக்கும் நடுவில் அப்பாயி தோட்டத்தில் கைக்குழந்தையோடு தனியாக இருந்தார். பர்மா ஜப்பானியர் கையில் போனதும் அரிசி வரத்து அறுந்து, தோட்டத்தில் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு வந்தது. கொழும்பில் குண்டு விழுந்த செய்தி கேட்டதும் பயந்துபோன தாத்தா, மணியோடரில் பணம் அனுப்பி, அப்பாயியையும் பெரியப்பாவையும் தலைமன்னார் வழியாகத் துறையூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தார். அங்கே அப்பாயியின் தகப்பனார் படுத்த படுக்கையாகிவிட்டதால் உடனே திரும்ப முடியவில்லை. 1944இல்தான் வந்தார்.

அந்தப் பிரிவுக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, தாத்தாவின் தந்தை இங்கே பிறந்ததற்குப் பதிவு காட்ட முடியாததால் தாத்தா பிரஜை ஆகவில்லை. இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமை கேட்பதற்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தார். திருமணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்தைய ஏழு ஆண்டுகள் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தாத்தாவிடம் அதற்குக் கொக்கலைத் தளத்தின் விடுவிப்புப் பத்திரம் இருந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் இலங்கை என்றே அதில் எழுதியிருந்தது. ஆனால் மனைவியும் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்றார்கள். விண்ணப்பம் தள்ளுபடியானது. இந்த நாட்டைக் காக்கும் வேலைக்குப் போனவன், மனைவியைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிய குற்றத்துக்காக நாடற்றவன் ஆனான். இதை நியாயம் என்று எந்தக் கணக்கிலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

நாடற்ற இந்திய வம்சாவளியினரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியப்பா இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிப்போட்டார். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற, ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்பெற்ற ரயிலில் அவரை ஏற்றிவிட ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போன தாத்தா, அதற்குப் பிறகு மகனைப் பார்க்கவே இல்லை. பெரியப்பா கோத்தகிரித் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தாத்தா 1979இல், எந்த நாட்டுக்கும் உரியவராகாமலே, பிறந்த தோட்டத்து லயத்திலேயே கண்ணை மூடினார். நாடற்றவர்களுக்கான 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு அப்பாயி சத்தியக் கடதாசி கொடுத்து இலங்கைப் பிரஜை ஆனார். அடுத்த தேர்தலில் வாக்களிக்கப் போனபோது, தாத்தாவின் விடுவிப்புப் பத்திரத்தையும் முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டுதான் போனார். யாராவது கேட்டுவிடக்கூடும் என்று.